பிரபஞ்சத்துக்குள் ஐந்து இருக்கிறதா?

பிரபஞ்சம் என்ற சொல்லைப் பிரிக்கச் சொன்னால் பலரும் நேராக ‘பஞ்ச’த்தில்தான் கை வைப்பார்கள். பஞ்ச என்றால் ஐந்து, ஐம்பூதங்களால் ஆனது பிரபஞ்சம், முடிந்தது கதை. “நிலம் தீ நீர் வளி விசும்போடு ஐந்தும் கலந்த மயக்கம் உலகம்” என்ற தொல்காப்பிய வரியும் இதற்குத் துணை நிற்பதுபோல் தெரியும். ஆனால் அந்த வரி விளக்குவது உலகம் என்ற சொல்லை.

சமஸ்கிருத அகராதிகள் காட்டும் வழி வேறு. ‘பிர’ என்றால் முன்னோக்கி. அதை அடுத்து வருவது விரித்தலைக் குறிக்கும் வினையடி. ஆக, விரிந்து பரவியது எதுவோ அது பிரபஞ்சம். ஒரு விதியை விரித்துச் சொல்வதையும் இலக்கண உரைகாரர்கள் இப்படியே அழைத்தார்கள். நாட்டிய சாஸ்திரத்தில் சிரிப்பூட்டும் ஒருவகை உரையாடலுக்கும் இதே பெயர். ஏமாற்று, பசப்பு என்றுகூட ஒரு பொருள் உண்டு!

இதன் பாலி வடிவமான ‘பபஞ்ச’தான் எனக்கு மிகவும் பிடித்தது. புத்தரின் உரைகளைத் தொகுத்த பாலி நூலான மஜ்ஜிம நிகாயத்தின் 18ஆவது சூத்திரம் அதைப் படிப்படியாக விளக்குகிறது. கண்ணும் உருவமும் சேர்ந்தால் பார்வை உணர்வு பிறக்கிறது. மூன்றும் கூடுவது தொடர்பு. அதிலிருந்து இன்ப துன்ப நுகர்ச்சி. நுகர்ந்ததை இன்னதென்று அறிகிறோம், அறிந்ததைப் பற்றி எண்ணுகிறோம், எண்ணியதை விரிக்கிறோம். அந்த விரிப்புதான் பபஞ்ச. நீளமாக அனுப்பிய செய்திக்கு வெறும் ‘சரி’ என்று பதில் வருகிறது. கோபமா, அலட்சியமா, நேற்று பேசியதை மனதில் வைத்திருக்கிறாரா என்று மனம் ஓடுகிறது அல்லவா? வந்தது ஒரே சொல், மீதியெல்லாம் நாம் விரித்தது.

மாண்டூக்கிய உபநிடதம் விழிப்பு, கனவு, உறக்கம் ஆகியவற்றைத் தாண்டிய நான்காம் நிலையான துரியத்தை ‘பிரபஞ்சோபசமம்’ என்கிறது: பிரபஞ்சம் ஓய்ந்து அடங்கிய இடம். பௌத்தத் தத்துவ அறிஞர் நாகார்ஜுனரும் தம் மூலமத்தியமக காரிகை என்ற நூலை இதே சொல் வரும் வணக்கத்தோடுதான் தொடங்குகிறார். பலவாகத் தோன்றும் உலகம் முழுவதையும் குறிக்கும் சொல்லாகப் பிரபஞ்சம் வளர்ந்து, அப்புறம் தமிழில் வானியல் கட்டுரைகளுக்குள்ளும் வந்து உட்கார்ந்துவிட்டது.

1929இல் வானியலாளர் எட்வின் ஹப்பிள், தொலைவு கூடக்கூட விண்மீன் திரள்கள் அதிக வேகத்தில் விலகுவதைக் காட்டினார். பிரபஞ்சம் விரிகிறது என்பதற்கு அது சான்றானது. ‘விரிவது என்று நம் முன்னோர் அப்போதே பெயர் வைத்தார்கள்’ என்று மார்தட்ட ஆசை வரும். வேண்டாம். அவர்கள் பேசிய விரிவு அடங்கக்கூடியது. துரியத்தில் அது அடங்கிவிடும். ஹப்பிள் அளந்த விரிவோ இன்னும் வேகமெடுத்துக்கொண்டிருக்கிறது.