எஸ்டேட்: தோட்டமா, ஜமீனா, நிலவுடைமையா?

எஸ்டேட் என்றால் வால்பாறைக்காரருக்குத் தேயிலை. இலங்கை மலையகத்தில் அதையே தோட்டம் என்பார்கள். பழைய வருவாய்க் கோப்புகளைப் புரட்டியவருக்கு அது ஜமீன். 1948இல் சென்னை மாகாணத்தில் வந்த ஜமீன் ஒழிப்புச் சட்டத்தின் பெயரிலேயே 'எஸ்டேட்ஸ்' என்ற சொல் இருக்கிறது. வக்கீலிடம் கேட்டால், இறந்தவர் விட்டுச்சென்ற மொத்தச் சொத்து என்பார். வேல்ஸ் நாட்டுக் கனவான் குடும்பங்களின் வம்சாவளியைத் தேடுகிறவர்கள் 'எஸ்டேட் ரெக்கார்ட்ஸ்' என்று சொல்லும்போது, இவற்றில் எதுவும் அப்படியே பொருந்தாது.

லத்தீனில் 'ஸ்டாரே' என்றால் நிற்பது. அதிலிருந்து 'ஸ்டாட்டுஸ்', அதாவது நிலை. பழைய பிரெஞ்சு வழியாக ஆங்கிலத்துக்கு வந்து எஸ்டேட் ஆயிற்று. ஸ்டேட், ஸ்டேட்டஸ் இரண்டும் இதன் உடன்பிறப்புகள். முதலில் இச்சொல் மண்ணைக் குறிக்கவில்லை. ஒருவரின் அந்தஸ்தைக் குறித்தது. ஆங்கிலச் சட்டத்தில் நிலத்தின் மேல் ஒருவருக்கு உள்ள உரிமையின் தன்மையை, அது ஆயுள் வரைக்குமா, வாரிசுக்கும் இறங்குமா என்பதை, எஸ்டேட் என்றார்கள். அந்த உரிமைக்கு உட்பட்ட நிலத்துக்கே பெயர் ஆனது பிறகுதான். தமிழிலும் நில், நிலை, நிலம் என்று ஓசையில் ஒட்டியே நிற்கின்றன.

வேல்ஸில் நிலமும் அந்தஸ்தும் பிரியாதவை. அங்கே மேன்குடியினரை 'இஹெல்விர்' என்பார்கள். சொல்லுக்குச் சொல் 'உயர்ந்த ஆட்கள்'. பழைய வேல்ஸ் வழக்கப்படி தகப்பன் நிலம் எல்லா ஆண் மக்களுக்கும் சமபங்கு. மூன்று தலைமுறையில் பெரிய நிலமும் துண்டு துண்டாகிவிடும். குலநிலத்தை விற்கவும் முடியாது. ஆகவே 'டிர் ப்ரீட்' என்ற ஏற்பாடு பரவியது. நம் ஒத்தி போலத்தான்: பணம் கொடுத்தவர் நிலத்தை அனுபவிப்பார், கெடு பெரும்பாலும் நான்கு ஆண்டு, மீட்காவிட்டால் கெடு நீண்டுகொண்டே போகும். கையில் காசு இருந்தவர்கள் பங்காளிகளின் துண்டுகளை இப்படியே சேர்த்தார்கள். 1543ஆம் ஆண்டுச் சட்டம் சமபங்கை ஒழித்து மூத்த மகனுக்கே நிலம் என்று ஆக்கியபின், சேர்த்தது சிதறாமல் நின்றது. பல வேல்ஸ் எஸ்டேட்டுகள் பிறந்த கதை இதுதான்.

இதற்கு நேர்த் தமிழ் என்ன? தோட்டம் ஒரே பயிர் நிற்கும் இடம். பண்ணையும் சரிவராது, ஒரு வேல்ஸ் எஸ்டேட்டுக்குள் குத்தகைக்கு விட்ட பண்ணைகள் பல இருக்கும். ஜமீன் வரி தண்டும் உரிமையிலிருந்து வளர்ந்தது. 'பெருநிலக்கிழமை' கேட்க அழகாக இருந்தாலும், சில நூறு ஏக்கர் மட்டும் வைத்திருந்த குடும்பங்களே அங்கு ஏராளம். 'நிலவுடைமை' என்பதே சரி: நிலம், அதன் மேலுள்ள உரிமை இரண்டும் அதில் அடங்கும். எஸ்டேட் ரெக்கார்ட்ஸ், நிலவுடைமை ஆவணங்கள். ரென்ட்டல், குத்தகைத் தண்டல் ஏடு. இறந்தவர் சொத்துக்கு மட்டும் இச்சொல்லை இழுக்க வேண்டாம்.

வேல்ஸில் பெயரே நிலத்தின் பின்னால் போகும். தாமஸ் ஆப் ரிச்சர்ட் ஆப் ஹவெல் ('ஆப்' என்றால் மகன்) என்று தகப்பன், பாட்டன் பெயரை அடுக்கியவர் 16ஆம் நூற்றாண்டில் வீட்டின் பெயரால் தாமஸ் மாஸ்டின் ஆனார். குவிதிர் வின் குடும்பத்தின் கடைசி பாரனெட் (பரம்பரைப் பட்டம் பெற்றவர்) 1719இல் பிள்ளையில்லாமல் இறந்தபோது, வின்ஸ்டே நிலம் வாட்கின் வில்லியம்ஸ் என்ற உறவினருக்குப் போயிற்று. அவர் வில்லியம்ஸ்-வின் ஆனார். சென்னைக்குத் தொடர்புள்ள கதையும் ஒன்று உண்டு. 1798 முதல் 1803 வரை சென்னை ஆளுநராக இருந்த எட்வர்ட் கிளைவின் மகன், பொவிஸ் நிலவுடைமை தாய்வழியில் வந்ததால், 1807இல் கிளைவ் பெயரை விட்டு ஹெர்பர்ட் ஆனார். குடும்பப் பெயரைப் பிடித்துக்கொண்டு தேடினால் இம்மாதிரி இடங்களில் தடம் அறுந்துபோகும். வீட்டைப் பிடியுங்கள்.

முதலில் வீட்டின் பெயரையும் அது இருந்த பாரிஷையும் (சர்ச் வட்டாரத்தையும்) உறுதிசெய்யுங்கள். ஒரே பெயரில் பத்து வீடுகள் இருக்கும். பிறகு 1840களை ஒட்டிய தசமபாக வரைபடத்தின் (சர்ச்சுக்குரிய பத்தில் ஒரு பங்கு வரிக்காக வரைந்தது) அட்டவணையில் அந்த வீட்டின் உரிமையாளர் யார் என்று பாருங்கள். ஆவணக் கட்டு பெரும்பாலும் நிலத்தின் கடைசி உரிமையாளர் குடும்பத்தின் பெயரில்தான் இருக்கும், நீங்கள் தேடும் குடும்பத்தின் பெயரில் அல்ல. அபெரிஸ்ட்வித்தில் உள்ள வேல்ஸ் தேசிய நூலகத்திலும் பேங்கர் பல்கலைக்கழகக் காப்பகத்திலும் முதலில் பார்க்கலாம். மகள் வழியாக நிலம் இங்கிலாந்துக் குடும்பத்துக்குப் போயிருந்தால், காகிதமும் அங்கே போயிருக்க வாய்ப்புண்டு.

கட்டு கிடைத்ததும் திருமண ஏற்பாட்டுப் பத்திரத்தை முதலில் எடுங்கள். மணமகன், மணமகள், இருவரின் தகப்பன்மார், சீர்த்தொகை, விதவையானால் அவளுக்கு எந்த நிலம் என்பதுவரை ஒரே தாளில் இருக்கும். ஆனால் அதன் தேதியைத் திருமண நாளாக எழுதிவிடாதீர்கள். கல்யாணம் முடிந்தபின் எழுதியதும் உண்டு. அடுத்தது மூன்று ஆயுள் குத்தகை. குத்தகைதாரர், மனைவி, மகன் என மூன்று பேரைக் குறித்து, கடைசி ஆள் சாகும்வரை குத்தகை. பிந்தைய நில அளவை ஏட்டில் அந்தப் பெயர்களோடு வயதும் 'இறந்தார்' என்ற குறிப்பும் இருந்தால், ஞானஸ்நானப் பதிவேடே இல்லாத பாரிஷிலும் ஒரு குடும்பத்தைக் கட்டிவிடலாம்.

சறுக்குகிற இடங்களும் உண்டு. 17ஆம் நூற்றாண்டு முதல் 1841 வரை விற்பனைக்கு இரண்டு பத்திரம் போடுவார்கள்: ஓராண்டுக் குத்தகை ஒன்று, மறுநாள் தேதியிட்ட விடுதலைப் பத்திரம் ஒன்று. முதல் தாள் மட்டும் மிஞ்சியிருந்தால், வாங்கியவரைக் குத்தகைதாரர் என்று எழுதிவிடுவோம். தேதிகள் ஆட்சியாண்டில் இருக்கும்: முதலாம் எலிசபெத்தின் 10ஆம் ஆண்டு என்றால் 17 நவம்பர் 1567 முதல் 16 நவம்பர் 1568 வரை. 1752க்கு முன் ஆண்டு மார்ச் 25இல்தான் மாறும். ஆகவே அவர்கள் கணக்கில் 1567 பிப்ரவரி, நம் கணக்கில் 1568. பெண்களின் பெயருக்கு நடுவே சுருக்கி எழுதிய 'வெர்ஹ்' மகள் என்பதைக் குறிக்கும், குடும்பப் பெயரல்ல. 'வாகன்' என்று பின்னால் திரிந்த 'வஹன்' முதலில் 'இளையவர்' என்ற அடைதான். ஒரே பத்திரத்தில் அப்பாவும் மகனும் ஒரே பெயரோடு நின்றால், இளையவர் யாரென்று அந்த அடையை வைத்துத்தான் பிரிக்க வேண்டும்.