ஆஸ்திரேலியாவில் ஓப்பல் தோண்ட அனுமதி வேண்டுமா? மலேசியாவிலிருந்து போகிறவர்களுக்கான விளக்கம்

பிரிக்பீல்ட்ஸில் ஒரு நகைக்கடை. அத்தானுக்கு ரிஷப ராசி. வைரம் வாங்க வசதியில்லை என்றால் சுக்கிரனுக்கு ஓப்பல் போடலாம் என்று ஜோசியர் சொல்லியிருந்தார். கல்லின் விலையைக் கேட்டதும் அத்தான் என் பக்கம் திரும்பினார். "ஆஸ்திரேலியாவுல நாமே தோண்டி எடுத்துக்கலாமாமே தம்பி, உண்மையா?"

உண்மைதான். மலேசியக் கடப்பிதழோடு போகும் சுற்றுப்பயணிகூடத் தோண்டலாம். ஆனால் எந்த இடத்தில், எதைக் கொண்டு, எதற்காக என்பதற்கெல்லாம் சட்டம் இருக்கிறது. அதைத் தெரிந்துகொண்டு டிக்கெட் போடுவது நல்லது.

முதலில், ஆஸ்திரேலியா முழுக்க ஒரே விதி கிடையாது. மாநிலத்துக்கு மாநிலம் மாறும். குவீன்ஸ்லாந்தில் பொழுதுபோக்காகக் கல் தேடுவதற்கும் உரிமம் எடுக்க வேண்டும்; கடப்பாரை, மண்வெட்டி, சல்லடை போன்ற கைக்கருவிகளோடு நிறுத்திக்கொள்ள வேண்டும். நம்மவர்கள் அதிகம் கேட்கிற ஓப்பல் சுரங்க ஊரான கூபர் பீடி இருப்பது தெற்கு ஆஸ்திரேலியாவில். அங்கே 1995ஆம் ஆண்டின் ஓப்பல் சுரங்கச் சட்டம் பொருந்தும். பொழுதுபோக்காக, விற்கும் எண்ணமில்லாமல், இயந்திரமோ வெடியோ வைத்து நிலத்தைக் கலைக்காமல் கல் பொறுக்குவதை அங்கே 'ஃபாசிக்கிங்' என்கிறார்கள். இதற்கு அனுமதிச் சீட்டும் வேண்டாம், கட்டணமும் இல்லை. நிலத்தில் முளை அடித்து 'இது என் இடம்' என்று சுரங்கம் வெட்ட நினைப்பவர்களுக்குத்தான் அரசின் அனுமதி தேவை. ஒரு வாரம் சுற்றிப் பார்க்கப் போகிறவர்களுக்கு அந்த வேலையே வேண்டாம்.

அந்த முளைகளைத்தான் கவனிக்க வேண்டும். ஒரு நிலத்தின் மூலைகளில் முளை நட்டிருந்தால் அது ஒருவர் உரிமை கோரிய இடம். உள்ளே குவிந்து கிடக்கும் மண்மேடு கேட்பாரற்றது போலத் தெரியும். ஆனாலும் உரிமையாளரின் சம்மதம் இல்லாமல் கை வைக்கக் கூடாது. ஊர்க்காரர்களுக்கு அது அவர்களுடைய பிழைப்பு. நம் தோட்டத்து மரத்தில் யாரோ வந்து பழம் பறித்தால் நாம் சும்மா இருப்போமா? இந்தச் சிக்கலே வேண்டாம் என்றால், ஜுவல்லர்ஸ் ஷாப் சாலையில் பொதுமக்களுக்கென்றே விட்டிருக்கும் இடத்துக்குப் போகலாம். ஹட்சிசன் தெருவிலுள்ள சுற்றுலாத் தகவல் மையத்தில் கேட்டால் வழி சொல்வார்கள். 1915 பிப்ரவரியில் கூபர் பீடியில் முதல் ஓப்பலைக் கண்டெடுத்தவன் வில்லி ஹட்சிசன். தங்கம் தேடி வந்த அப்பாவோடு போன 14 வயதுப் பையன். தெருவுக்கு அந்தக் குடும்பத்தின் பெயர்தான்.

மண்மேட்டில் கல் பொறுக்குவதை அங்கே 'நூட்லிங்' என்பார்கள். வெள்ளையும் இளஞ்சிவப்புமான மண்ணைக் கையால் கிளறி, சல்லடையில் போட்டு அசைப்பீர்கள். சாம்பல் நிறத்தில் கண்ணாடிச் சில்லு மாதிரி ஒன்று நிற்கும். அதை நனைத்து, வெயிலில் மெல்லச் சாய்த்துப் பார்க்க வேண்டும். நிறம் ஓடாவிட்டால் அது 'பாட்ச்', அதாவது வெறும் ஓப்பல். கிடைப்பதில் பெரும்பாலும் அதுதான். பச்சையோ சிவப்போ ஒரு பொறி பளிச்சென்று தெரிந்துவிட்டால், அரிசி அளவே இருந்தாலும், அப்புறம் அந்த மேட்டை விட்டு எழுந்திருக்க மனம் வராது.

ஆனால் எழுந்திருக்கும்போது பின்னால் பாருங்கள். இதை நான் அழுத்திச் சொல்கிறேன். கூபர் பீடியைச் சுற்றி மூடாமல் விட்ட ஆழமான குழிகள் ஏராளம். 'ஓடாதே, பின்பக்கமாக நடக்காதே' என்று அங்கே எச்சரிக்கைப் பலகையே இருக்கிறது. படம் எடுக்க ஒரு அடி பின்னால் வைத்தால் போதும், உயிருக்கே ஆபத்து. பிள்ளைகளின் கையை விடாதீர்கள். இருட்டிய பிறகு சுரங்கப் பகுதிப் பக்கமே போக வேண்டாம்.

ஊருக்குப் பக்கத்திலுள்ள கங்கு-பிரேக்அவேஸ் பாதுகாக்கப்பட்ட பூங்கா. பார்க்கலாம், தோண்டக் கூடாது. அடிலெய்டிலிருந்து ஏறக்குறைய 850 கிலோமீட்டர் காரில் போகும் வழியில் ஸ்டூவர்ட் நெடுஞ்சாலை வூமெரா இராணுவத் தடைப் பகுதியைக் கடக்கிறது. சாலையில் போக அனுமதி வேண்டாம். சாலையை விட்டு உள்ளே இறங்கக் கூடாது. வழியிலுள்ள கிளெண்டாம்போ என்ற ஊரைத் தாண்டினால் சுமார் 250 கிலோமீட்டருக்குப் பெட்ரோல் கிடையாது. நம் சாலைப் போக்குவரத்துத் துறையான ஜேபிஜேயில் அனைத்துலக ஓட்டுநர் அனுமதி எடுத்துக்கொண்டு போங்கள்.

விசா சுலபம். மலேசியர்களுக்கு இடிஏ எனும் 601 பிரிவு விசா போதும். ஆஸ்திரேலிய அரசின் இடிஏ செயலியைக் கைப்பேசியில் இறக்கி, கடப்பிதழின் சில்லையும் முகத்தையும் ஸ்கேன் செய்ய வேண்டும். சேவைக் கட்டணம் 20 ஆஸ்திரேலிய டாலர். இங்கிருந்து கிளம்பும் முன்பே விண்ணப்பித்துவிட வேண்டும். 12 மாதத்துக்குள் பலமுறை போகலாம். ஒவ்வொரு முறையும் 3 மாதம் வரை தங்கலாம். இது வேலை செய்வதற்கான விசா இல்லை. யாராவது சுரங்கக்காரர் 'கூட வந்து வேலை பார், பங்கு தருகிறேன்' என்றால் ஒப்புக்கொள்ளாதீர்கள். விற்பதற்கென்றே பொறுக்குவதும் ஃபாசிக்கிங் ஆகாது.

பெட்டி விஷயத்தில் நம்மவர்கள்தான் அதிகம் மாட்டுகிறார்கள். பச்சைக் கறிவேப்பிலையை வீட்டிலேயே வைத்துவிடுங்கள். ஊறுகாய், பருப்புப்பொடி, முறுக்கு என்று எந்த உணவு இருந்தாலும் வருகை அட்டையில் 'ஆம்' என்று எழுதிக் காட்டிவிடுங்கள். காட்டினால் அதிகபட்சம் பொருள் போகும், மறைத்தால் அபராதம். பழைய பூட்ஸில் ஒட்டிய மண்ணுக்கும் இதே கதிதான். தேய்த்துக் கழுவிக் காயவைத்துக் கொண்டுபோங்கள்.

திரும்பும்போது ஒன்று. சிப்பி, எலும்பு வடிவில் ஓப்பலாக மாறிய புதைபடிவம் கையில் சிக்கினால், அதை நாட்டைவிட்டு எடுத்து வர 1986ஆம் ஆண்டின் பண்பாட்டு உடைமைச் சட்டப்படி அனுமதி தேவைப்படலாம். 1987இல் கூபர் பீடியில் கிடைத்த 'எரிக்' என்ற கடல் ஊர்வனத்தின் எலும்புகள் முழுக்க ஓப்பல். இன்று அது சிட்னியில் ஆஸ்திரேலிய அருங்காட்சியகத்தில் இருக்கிறது.

கடையில் கல் வாங்கினால், ஒரே கடையில் 300 டாலருக்குக் குறையாமல் வாங்கி, 60 நாளுக்குள் கிளம்பினால், 10 விழுக்காடு ஜிஎஸ்டியை விமான நிலையத்தில் திரும்பப் பெறலாம். ரசீதைப் பத்திரப்படுத்துங்கள். கல்லையும் கைப்பையில் வையுங்கள், கேட்டால் காட்ட வேண்டியிருக்கும்.

அத்தான் டிசம்பர் பள்ளி விடுமுறையில் போகலாம் என்றார். வேண்டாம் என்றேன். அப்போது அங்கே கோடை. 40 பாகையைச் சாதாரணமாகத் தாண்டும். அக்காவும் கூட வருவதால், இப்போது ஜூலைக்கு டிக்கெட் பார்க்கிறார்கள்.