அவனே ஒத்துக்கிட்டான், அப்புறம் சாட்சி எதற்கு?

துப்பறியும் கதை நம் வேலூர்ப் பக்கத்துக்குப் புதிதல்ல. நூறு வருடங்களுக்கு முன்பே ஆரணி குப்புசாமி முதலியார் ஆங்கில மர்ம நாவல்களைத் தமிழ் வாசகருக்கு ஏற்ப மாற்றி எழுதிக் குவித்தார். ஆரணி அப்போது வட ஆற்காடு ஜில்லா. அன்று புத்தகம், இன்று செல்போனில் போலீஸ் தொடர். ஆர்வம் குறையவே இல்லை. எல்லோரும் பொய் சொல்லும்போது, ஒருவராவது விடாமல் தோண்டி உண்மையை வெளியே கொண்டுவருகிறாரே, அதைப் பார்க்கத்தான் இத்தனை கூட்டம். பறிகொடுத்தவர்களோடு தினமும் பேசுகிற எனக்கு அந்த ஏக்கம் நன்றாகவே புரிகிறது. நானும் விரும்பிப் பார்க்கிறவன்தான்.

ஆனால் சத்துவாச்சாரி கோர்ட்டில் கிரிமினல் வழக்கு நடத்துகிறவனாக ஒன்றைச் சொல்லியே ஆக வேண்டும். இன்ஸ்பெக்டர் முன்னால் குற்றவாளி ஒத்துக்கொண்டதும் தொடர் முடிந்துவிடும். நிஜ வழக்கில் அந்த ஒப்புதல் கோர்ட்டில் செல்லாது.

குடியாத்தம் பக்கத்து அம்மா ஒருவர். வீட்டுப் பீரோவை உடைத்துச் செயினை எடுத்துப் போய்விட்டார்கள். ஆள் பிடிபட்டான். சம்மன் வந்ததும் என்னிடம் கேட்டார்: "அவனே ஸ்டேஷன்ல ஒத்துக்கிட்டான்னு பேப்பர்லயே வந்துடுச்சே சார், அப்புறம் நான் எதுக்கு வந்து சாட்சி சொல்லணும்?"

நியாயமான கேள்வி. போலீஸிடம் தந்த ஒப்புதலைக் குற்றம் சாட்டப்பட்டவருக்கு எதிராக நிரூபிக்கக் கூடாது என்று 1872 சாட்சியச் சட்டமே சொன்னது. அதற்குப் பதிலாக 2024 ஜூலை 1 முதல் அமலில் இருக்கும் புதிய சாட்சியச் சட்டமான பாரதிய சாக்ஷிய அதினியத்திலும் 23ஆவது பிரிவு அதையேதான் சொல்கிறது. அடி தாங்காமல் ஒத்துக்கொண்ட நிரபராதி ஜெயிலுக்குப் போய்விடக் கூடாது என்பதற்கான காவல் அது. தேவையான காவல் என்றே நான் உறுதியாக நம்புகிறேன்.

ஒரு விலக்கு உண்டு. "செயினை இன்ன அடகுக் கடையில் வைத்தேன்" என்று அவன் சொல்லி, அதை வைத்துப் பொருள் கிடைத்தால், அந்தப் பகுதி மட்டும் செல்லும். பொருளைக் கைப்பற்றியதை எழுதி, வி.ஏ.ஓ. சாட்சிக் கையெழுத்துப் போடுகிற மகஜர் இதற்காகத்தான். ஆனாலும் அது யாருடைய செயின் என்று யாராவது சொல்ல வேண்டுமே! அந்த அம்மா கூண்டில் ஏறி, செயினைத் திருப்பிப் பார்த்து, கொக்கி ஓரத்தில் பற்றவைத்த தடத்தைக் காட்டினார். கையில் நகைக்கடை ரசீதும் இருந்தது. துப்பறிவாளரின் எந்தச் சாமர்த்தியமும் அந்த ரெண்டுக்கும் ஈடாகாது. நகை ரசீதையும் போட்டோவையும் பத்திரமாக வையுங்கள்.

திருட்டு நடந்த வீட்டைப் போலீஸ் வருவதற்குள் கூட்டித் துடைத்துவிடாதீர்கள். பீரோக் கதவில் இருக்கிற கைரேகை உங்கள் துணியோடு போய்விடும்.

இன்னொரு தப்பான நம்பிக்கையும் நிறையக் கேட்கிறேன்: ஆள் காணவில்லை என்றால் 24 மணி நேரம் காத்திருக்க வேண்டுமாம். அப்படிச் சட்டமே இல்லை. உடனே போய்ப் புகார் கொடுக்கலாம். சட்டத்தில் இருக்கிற 24 மணி நேரம் கைதானவருக்கு உரியது: பயண நேரம் போக, அதற்குள் அவரை மாஜிஸ்திரேட் முன் நிறுத்த வேண்டும்.

எஃப்.ஐ.ஆர். போட்டால் புகார்தாரருக்கு அதன் நகல் இலவசம், கேட்டு வாங்குங்கள். ஸ்டேஷனில் பதிவு செய்ய மறுத்தால் புகாரை எழுதித் தபாலில் எஸ்.பி.க்கு அனுப்பலாம். அங்கும் நடக்கவில்லையென்றால் மாஜிஸ்திரேட்டிடம் மனு போடலாம்.