நகர்ப்பரவல்: 'அர்பன் ஸ்ப்ரோல்' எண்டதுக்குச் சரியான சொல்

நகரம் ஒரு திட்டமும் இல்லாம கண்டபடி வெளியால பரவுறதை ஆங்கிலத்தில 'அர்பன் ஸ்ப்ரோல்' எண்டு சொல்லுவினம், அதைக் கனபேர் 'நகர விரிவாக்கம்' எண்டு எழுதினம், எனக்கு அது பொருத்தமாப் படேல்ல. விரிவாக்கம் எண்டா ஆரோ பிளான் போட்டு ரோட்டும் வடிகாலும் வெட்டிச் செய்யிற வேலை. ஸ்ப்ரோல் எண்டது பழைய ஆங்கிலத்தில கைகாலை உதறிப் புரளுறதுக்கு இருந்த சொல், பிறகு கண்டபடி கைகால் பரப்பிக் கிடக்கிறதைக் குறிச்சு, 1937ல அமெரிக்காவின்ர டெனசி பள்ளத்தாக்கு அதிகாரசபையில இருந்த ஏர்ள் டிரேப்பர் நகரங்களைப் பற்றிப் பேசேக்க பாவிச்சவர். இதோட சேர்ந்து வாற 'சபர்ப்' எண்ட சொல் லத்தீன், நகரத்தை அண்டினது எண்டு கருத்து. அதுக்கு எங்களிட்ட புறநகர் இருக்கு, அதுக்கும் முந்திப் புறஞ்சேரி இருக்கு, சிலப்பதிகாரத்தில 'புறஞ்சேரி இறுத்த காதை' எண்டே ஒரு காதை.

ஸ்ப்ரோலுக்கு 'நகர்ப்பரவல்' தான் சரி. நெருப்பையும் நோயையும் பரவுது எண்டு தானே சொல்லுறம்.

யாழ்ப்பாணத்தில கோப்பாய், உரும்பிராய், இணுவில் பக்கம் பாருங்கோ, நல்ல செம்பாட்டுத் தோட்டத்துக்கு நடுவில மதில் கட்டின வீடு. ஒரு ஏக்கர் 16 பரப்பு, அதை ரெண்டு மூண்டு பரப்பாத் துண்டு போட்டு வீட்டுக்காணி எண்டு விக்கினம். வீடு நிக்கிற துண்டு மட்டும் தான் போச்சுது எண்டு நினைக்காதேங்கோ. எங்கட தோட்டக் கிணறு கனக்க பங்குக் கிணறு, உறுதியிலயே கிணற்றுப் பங்கும் வழிவாய்க்கால் உரித்தும் எழுதியிருக்கும், நடுவில ஒராள் மதில் கட்டினா வாய்க்கால் மறிபட்டுப் போகும், அங்கால வெங்காயம் வைச்சவர் கொஞ்சக் காலம் குழாய் இழுத்து இறைச்சுப் பாப்பார், பிறகு அவரும் வித்திடுவார். இப்பிடித்தான் ஒரு வீடு நாலு தோட்டத்தைச் சாப்பிடுது.

தண்ணியும் அப்பிடித்தான். குடாநாட்டில ஆறு எண்டு சொல்ல வழுக்கியாறு ஒண்டு தான், அதுவும் மாரியில மட்டும், மற்றப்படி நாங்கள் குடிக்கிறதும் இறைக்கிறதும் சுண்ணாம்புக்கல்லுக்குள்ள தேங்கிற மழைத்தண்ணி. பசளையால ஏற்கனவே நைத்திரேற்று கூடின தண்ணி அது, வீட்டுக்கு ஒரு மலக்குழி வெட்ட அந்தக் கழிவும் கல் வெடிப்பால இறங்கி அதுக்குள்ளயே சேருது.

வயலுக்கு எண்டா 2000ம் ஆண்டின் 46ம் இலக்கக் கமநல அபிவிருத்திச் சட்டம் இருக்கு, கமநல அபிவிருத்தி ஆணையாளர் நாயகத்தின்ர எழுத்து அனுமதி இல்லாம நெற்காணியை நிரப்ப ஏலாது. உங்கட ஊரில ஆரும் வயலுக்குள்ள கிரவல் கொட்டினா அனுமதி இருக்கோ எண்டு கமநல சேவை நிலையத்தில கேளுங்கோ, எழுதிக் குடுக்கேக்க 'விரிவாக்கம்' எண்டு மட்டும் எழுதிப் போடாதேங்கோ.