மரமதில் நின்ற மண்: தூர்வாரும்போது கட்டை தட்டுப்பட்டால்

காவிரிப் படுகையில் வேலி கட்டிப் பழகியவர்கள் எல்லாரும் அறிந்த செய்தி ஒன்று உண்டு: நட்ட கால் முதலில் இற்றுப்போவது மண்மட்டத்தில்தான். மேலே வெயிலிலும் காற்றிலும் நிற்கும் பகுதி காய்ந்து இறுகிவிடுகிறது. கீழே ஈரக் களியில் ஆழப் புதைந்த பகுதியும் நெடுங்காலம் கெடாமல் கிடக்கிறது. ஈரமும் காற்றும் ஒருசேரக் கிடைக்கும் அந்த ஒரு சாண் இடத்தில்தான் பூஞ்சையும் கரையானும் வேலையைத் தொடங்குகின்றன. காலின் அடியைத் தீயில் வாட்டிக் கரியாக்கியும் தார் பூசியும் நடுவது இதனால்தான். அகழாய்வுக் களங்களில் மண்ணைச் சுரண்டிப் பார்ப்பதையே தொழிலாகக் கொண்ட எனக்கு, ஊர்களைக் காத்து நின்ற மரமதில்களின் வரலாற்றைப் படிக்கும்போதெல்லாம் இந்த வேலிக்கால்தான் நினைவுக்கு வருகிறது. மதில் மண்மட்டத்தில் இற்றுச் சாய்ந்துவிடும். அதன் அடி மட்டும் மண்ணுக்குள் இருக்கும். அப்படிக் கிடக்கும் பழைய கட்டைகளை நம் பகுதியில் என்னவென்று அறியாமலேயே பிடுங்கி எறிகிறோம் என்பதால் இதை எழுதுகிறேன்.

கோட்டை என்றதும் செஞ்சியும் வேலூரும் நம் கண்முன் வருகின்றன. ஆனால் மௌரியப் பேரரசின் தலைநகரைச் சுற்றி நின்றது மரத்தாலான மதில். கி.மு. 300-ஐ ஒட்டிச் சந்திரகுப்த மௌரியரின் அவைக்கு வந்த கிரேக்கத் தூதர் மெகஸ்தனிஸ், பாடலிபுத்திரத்தின் மரமதிலில் 64 வாயில்களும் 570 கோபுரங்களும் இருந்ததாக எழுதினார். அவருடைய நூல் அழிந்துவிட்டது. பிற்கால ஆசிரியர்கள் அதிலிருந்து எடுத்தாண்ட பகுதிகளே நம்மிடம் உள்ளன. எண்ணிக்கையில் மிகை இருக்கலாம் என்றே நான் நினைக்கிறேன். மதில் இருந்ததில் ஐயம் இல்லை. பாட்னாவின் புலந்திபாக்கில் 20-ஆம் நூற்றாண்டின் முற்பகுதியில் நடந்த அகழாய்வுகளில், நீர் ஊறிய மண்ணுக்கடியில் சால் மரத் தூண்கள் இரண்டு வரிசைகளாக, நட்டபடியே நின்றிருக்கக் கண்டார்கள்.

மெகஸ்தனிசைப் பின்பற்றிப் பிற்காலக் கிரேக்க வரலாற்றாசிரியர் அர்ரியன் எழுதிய ஒரு குறிப்பு படுகைக்காரர்களான நாம் ஊன்றிப் படிக்க வேண்டியது. ஆற்றோரத்திலும் கடலோரத்திலும் உள்ள ஊர்களை இந்தியர்கள் மரத்தால் கட்டினார்கள், மழைக்கும் வெள்ளத்துக்கும் செங்கல் நின்று பிடிக்காது என்பதால். மேட்டில் அமைந்த ஊர்களைத்தான் செங்கல்லாலும் மண்ணாலும் கட்டினார்கள் என்கிறார் அவர். அர்த்தசாஸ்திரமோ மதிலுக்கு மரம் ஆகவே ஆகாது, அதற்குள் தீ ஒளிந்து குடியிருக்கிறது என்று எச்சரிக்கிறது. இரண்டு கூற்றுகளையும் சேர்த்துப் படித்தால்தான் அக்காலத்துக் கட்டுநரின் இக்கட்டு நமக்குப் புரியும்: வெள்ளத்துக்கு அஞ்சினால் மரம், நெருப்புக்கு அஞ்சினால் மண்ணும் செங்கல்லும்.

தூண்கள் ஏன் இரண்டு வரிசையாக நின்றன என்பதற்கு விளக்கம் தேடி நாம் பாட்னாவுக்குப் போக வேண்டியதில்லை. கொள்ளிடக் கரையில் உடைப்பு அடைப்பதைப் பார்த்தவர்களுக்கு அது தெரியும். சவுக்குக் கம்புகளை இரு வரிசையாக அடித்து, குறுக்கே கம்பு வைத்துக் கட்டி, இடையில் மணல் மூட்டைகளையும் களியையும் போட்டு நிரப்புவார்கள். ஒற்றை வரிசையாக அடித்த கம்பு தள்ளும் விசைக்குச் சாய்ந்துவிடும். இரு வரிசையைப் பிணைத்து நடுவில் மண்ணை நிரப்பும்போது மண்ணின் எடை மரத்தை நிறுத்துகிறது, மரம் மண்ணைச் சரியவிடாமல் பிடித்துக்கொள்கிறது. பகைவர் தீ வைத்தாலும் முகப்பு மட்டும் எரியுமே தவிர உள்ளே இருக்கும் மண் எரியாது. வெள்ளத்தைத் தடுக்கும் கையும் படையைத் தடுக்கும் கையும் ஒரே வேலையைத்தான் கற்றிருக்கின்றன.

ஒற்றை வரிசையில் நட்டே ஆக வேண்டிய நிலையும் உண்டு. நாள்தோறும் இடம் மாறும் படைக்கு மண் நிரப்ப நேரம் ஏது? கி.மு. 2-ஆம் நூற்றாண்டில் வாழ்ந்த வரலாற்றாசிரியர் பாலிபியஸ், கிரேக்கர்களும் ரோமானியர்களும் பாசறையைச் சுற்றி நடும் கழிகளை ஒப்பிட்டு எழுதியிருப்பது என்னைப் போன்றவர்களுக்கு அரிய சான்று. கிரேக்கரின் கழியில் கிளைகள் மிகுதியாகவும் பருமனாகவும் இருந்ததால், இரண்டு மூன்று பேர் ஒன்றைப் பற்றி இழுத்துவிட்டாலே ஒரு வாயில் திறந்துவிடும். ரோமானியரோ ஒரு புறத்தில் இரண்டு மூன்று கிளைகளை மட்டும் விட்டு வெட்டி, எந்தக் கிளை எந்தக் கழியுடையது என்று தெரியாதபடி நெருக்கிப் பின்னி நட்டார்கள். நம் ஊர் முள்வேலியில் ஒரு கிளையை இழுத்தால் வேலியே சேர்ந்து வருமே, அந்த நுட்பம்தான். ரோமானியப் படையினரே கி.மு. 52-இல், இன்றைய பிரான்சில் உள்ள அலேசியாவின் முற்றுகையில், உள்ளே அடைபட்டவர்களை நோக்கி ஏறத்தாழ 16 கிலோமீட்டரும், வெளியிலிருந்து உதவிக்கு வரும் படையை நோக்கி ஏறத்தாழ 21 கிலோமீட்டரும் மண்மேடும் மரவேலியும் அமைத்தார்கள்.

தமிழ் மரபிலும் இது புதிதில்லை. முல்லைப்பாட்டில் வரும் பாசறையைச் சுற்றி ‘இடுமுட் புரிசை’ இருக்கிறது. காட்டை வெட்டி, முள்ளை இட்டு அமைத்த மதில் அது. அதைப் பாடிய நப்பூதனார் காவிரிப்பூம்பட்டினத்துப் பொன்வணிகர் மகன், நம் படுகையின் பிள்ளை. ‘மணிநீரும் மண்ணும் மலையும் அணிநிழற் காடும்’ உடையதே அரண் என்று குறள் சொல்லும்போது காடும் அரணின் உறுப்பாகிறது. கோட்டையைச் சூழ்ந்த காவற்காட்டைச் சங்கப் புலவர்கள் மிளை என்றார்கள். 18-ஆம் நூற்றாண்டில்கூடப் புதுச்சேரியைச் சுற்றி முட்செடிகளை அடர்த்தியாக வளர்த்து எல்லை அரணாக்கியிருந்தார்கள். 1760-இல் முற்றுகையிட்ட ஆங்கிலேயப் படை நகரை நெருங்குமுன் அதைக் கைப்பற்ற வேண்டியிருந்தது.

முள்ளும் செடியும் மக்கி மறைந்துவிடும். ஆழமாக நட்ட தூண் அப்படி மறைவதில்லை. திருமணப் பந்தலைப் பிரித்த பிறகு பந்தக்கால் நட்ட குழியைக் கவனித்துப் பாருங்கள். வேறு மண் விழுந்து நிரம்பி, பல நாள் கழித்தும் நிறம் மாறியே தெரியும். அகழாய்வில் நாங்கள் தேடுவது அதைத்தான். தரையைக் கரணையால் வழித்து, மெல்லிய தூவலாகத் தண்ணீர் தெளித்து, காலைச் சாய்வெயிலில் பார்த்தால், கலங்கிய மண்ணாலான ஒரு பெரிய வட்டமும் அதற்குள் கரிய சிறு வட்டமும் தென்படும். பெரியது தூண் நட வெட்டிய குழி. சிறியது தூண் இற்றுப்போன இடம். ஒரு வட்டத்தால் எதையும் சொல்ல முடியாது. பத்து வட்டங்கள் ஒரே இடைவெளியில் ஒரே கோட்டில் வந்தால் அங்கே ஒரு வேலியோ மதிலோ நின்றது. வட அமெரிக்காவின் ஜேம்ஸ்டவுனில் ஆங்கிலேயர் 1607-இல் 19 நாளில் எழுப்பிய முக்கோண மரக்கோட்டையை ஆறு அரித்துவிட்டது என்றே நெடுங்காலம் நம்பினார்கள். 1994-இல் தொடங்கிய அகழாய்வு இப்படிப்பட்ட கறைகளைக் கொண்டே அதன் சுவர் போன வழியை மீட்டது.

நம் படுகையில் கறையைத் தாண்டி மரமே கிடைக்க வழியுண்டு. பூம்புகாரை அடுத்த கீழையூரில் 1960-களில் இந்தியத் தொல்லியல் துறை செங்கல்லாலான படகுத்துறை ஒன்றை அகழ்ந்தபோது, அதனருகே மரக்கால்கள் கிடைத்தன. கரிமப் பகுப்பாய்வு, அதாவது மரத்தில் எஞ்சிய கதிரியக்கக் கரிமத்தை அளந்து வயதறியும் முறை, கி.மு. 4-ஆம் நூற்றாண்டின் இறுதியை ஒட்டிய காலத்தைக் காட்டியது. மெகஸ்தனிஸ் பாடலிபுத்திரத்தின் மரமதிலைப் பார்த்த காலத்துக்கு அது வெகு அருகில் இருக்கிறது. கீழையூரில் கிடைத்தவை படகுகளைப் பிணைத்து நிறுத்துவதற்கானவை; அவை மதில் கால்கள் என்று நான் சொல்ல வரவில்லை. காவிரிக் களி இரண்டாயிரம் ஆண்டுகளுக்கு மேல் மரத்தை வைத்திருக்கும் என்பதற்கு அவை சான்று.

சித்திரையிலும் வைகாசியிலும், ஜூன் 12-க்குள் மேட்டூர் திறந்துவிடும் என்ற அவசரத்தில், வாய்க்காலும் குளமும் தூர்வாரப்படும் நாட்களில்தான் இத்தகைய கட்டைகள் வெளியே வருகின்றன. சில ஆண்டுகளுக்கு முன் கடைமடைப் பகுதியின் ஒரு கிராமத்தில், “நாலஞ்சு கட்டை வரிசையா வந்துச்சு சார், காஞ்சா அடுப்புக்கு ஆகும்னு கரையில போட்டோம்” என்று ஒரு பெரியவர் சொன்னார். நான் போவதற்குள் பதினைந்து நாள் வெயில் பட்டிருந்தது. நீரில் ஊறிய பழைய மரத்தின் உயிரணுச் சுவர்களில் பெரும்பகுதி கரைந்து போயிருக்கும். அந்த இடத்தைத் தாங்கி நிற்பது தண்ணீர் மட்டுமே. தண்ணீர் வற்றினால் மரம் உள்நோக்கிச் சுருங்கி, வெடித்து, உதிர்ந்துவிடும். பொக்லைன் பிடுங்கியதில் வரிசையும் போயிற்று, காய்ந்ததில் கட்டையின் அடியைச் சீவிய வெட்டும் போயிற்று. அவை மதில் கால்களா, கரை காக்க அடித்தவையா, படகுத்துறைக் கால்களா என்று இனி யாராலும் சொல்ல முடியாது. அவர் மேல் எனக்கு வருத்தமில்லை. அவருக்கு முன்கூட்டியே சொல்லி வைக்க எங்களில் யாரும் போகவில்லை என்பதே என் மனத்தை அறுக்கிறது.

இதே நிலையில் போலந்தில் நடந்தது வேறு. பிஸ்குபின் என்னும் ஊரில் ஏரிநீர் தாழ்ந்து கட்டைகள் தலைகாட்டியபோது, உள்ளூர்ப் பள்ளி ஆசிரியர் ஒருவர் 1933-இல் அவற்றைக் கவனித்து ஆய்வாளர்களிடம் சொன்னார். மரப்பெட்டிகளில் மண் நிரப்பிய மதிலும், அந்தப் பழைய ஊர் நின்ற தீவைச் சுற்றி அலைதடுக்கச் சாய்வாக அடித்த ஆயிரக்கணக்கான கழிகளும் கிடைத்தன. கருவேல மர வளையங்களை எண்ணியதில், அவற்றில் பாதிக்கு மேல் கி.மு. 738-737 குளிர்காலத்தில் வெட்டப்பட்டவை என்று தெரிந்தது. நம் பனையில் ஆண்டு வளையம் கிடையாது. ‘புறக்காழன’ என்று தொல்காப்பியம் பிரித்த இனம் அது, வைரம் வெளிப்புறத்தில் இருக்கும். எனவே பனங்கட்டையின் காலத்தை அறியக் கரிமப் பகுப்பாய்வு ஒன்றே வழி. அதற்குத் தார், எண்ணெய், வார்னிஷ் எதுவும் படாத மரம் வேண்டும்.

ஆகவே, மண்வெட்டியில் வரிசையாகக் கட்டை தட்டுப்பட்டால் அந்த இடத்தில் மட்டும் வேலையை நிறுத்துங்கள், பிடுங்க வேண்டாம். பக்கத்தில் மண்வெட்டியை வைத்து அளவு தெரியும்படி படம் எடுங்கள். தரையிலிருந்து எத்தனை அடி ஆழம், கட்டைக்குக் கட்டை எவ்வளவு இடைவெளி, மேலே மணலா களியா என்று குறியுங்கள். ஈரச் சேற்றாலேயே மூடிவிட்டுக் கிராம நிர்வாக அலுவலருக்கோ, மாநிலத் தொல்லியல் துறைக்கோ, தஞ்சைத் தமிழ்ப் பல்கலைக்கழகத்தின் தொல்லியல் துறைக்கோ தெரிவியுங்கள். ஏற்கெனவே வெளியே வந்துவிட்ட கட்டையை நனைத்த சாக்கில் சுற்றி, அதன்மேல் பிளாஸ்டிக் தாள் போர்த்தி, நிழலில் வையுங்கள். சாக்கு காயாமல் நாள்தோறும் பார்த்துக்கொள்ளுங்கள். கழுவ வேண்டாம், அடியில் ஒட்டியிருக்கும் மண்ணும் எங்களுக்கு வேண்டியதே.

அந்தக் கிராமத்தில் ஒரு கட்டை மட்டும் குளத்தின் ஓரத்தில் பாதி புதைந்து, எந்திரத்துக்குத் தப்பி நின்றது. அதை எடுக்கவில்லை. பெரியவரும் அவர் பேரனும் தென்னைமட்டையால் அளவெடுக்க, அது நின்ற இடத்தைக் கிராம வரைபடத்தில் குறித்துக்கொண்டு, சுற்றிலும் இரண்டடி உயரத்துக்குக் களி அணைத்து மூடினோம். அந்த மூலையில் மட்டும் ஆழப்படுத்துவதில்லை என்று ஊரில் பேசி முடிவெடுத்திருக்கிறார்கள்.