ரக்கடைஸ்டு எம்பெடட் கம்ப்யூட்டர்: தமிழில் என்ன சொல்வது?

ராணுவ வண்டி, போர் விமானம், ஏவுகணை, கப்பல் ரேடார் ஆகியவற்றின் உள்ளே உட்கார்ந்து வேலை செய்யும் கணினியை ‘ரக்கட் எம்பெடட் கம்ப்யூட்டர்’ என்கிறார்கள். இதைக் ‘கரடுமுரடான உட்பொதிக்கப்பட்ட கணினி’ என்று மொழிபெயர்த்திருப்பதை அங்கங்கே பார்க்கலாம். அகராதியின் மேல் குறையில்லை. அது சொல்லின் பழைய பொருளைக் கொடுத்துவிட்டது, அவ்வளவுதான்.

ஆங்கிலத்தில் ‘ரக்கட்’ முதலில் மயிரடர்ந்த, சடைபிடித்த என்ற பொருளில் வழங்கியது. ஸ்காண்டிநேவிய மொழிகளிலிருந்து வந்திருக்கலாம் என்பது சொற்பிறப்பு ஆய்வாளர்களின் கருத்து. கம்பளத்தைக் குறிக்கும் ‘ரக்’ இதற்கு உறவு. பிறகு மேடுபள்ளமான நிலத்துக்கும், அதன்பின் உறுதியான உடற்கட்டுக்கும் ஆகிவந்தது. ‘ரக்கடைஸ்’ என்ற வினை 20ஆம் நூற்றாண்டின் நடுவில் பரவிய புதுச்சொல். இரண்டாம் உலகப் போரில் பீரங்கிக் குண்டின் மூக்கில் வைத்த அண்மை வெடிப்பியில் (இலக்கை நெருங்கியதும் குண்டை வெடிக்கவைக்கும் கருவி) வெற்றிடக் குழாய்கள் இருந்தன. சுடும் கணத்தில் சுமார் 20,000 ஜி முடுக்கத்தை, அதாவது புவியீர்ப்பு முடுக்கத்தைப் போல் 20,000 மடங்கை, அந்தக் கண்ணாடிக் குழாய்கள் தாங்க வேண்டியிருந்தது. வெளியே இரும்புறை போட்டு அதைச் சாதிக்க முடியாது. குழாயின் உள்ளிருந்த கம்பிகளையும் தாங்கிகளையும் மாற்றியமைத்தார்கள். சொல்லின் இன்றைய பொருள் இதுதான்: வலிமை உறையில் இல்லை, உள்ளமைப்பில் இருக்கிறது.

‘எம்பெட்’ நிலவியலில் வேரூன்றிய சொல். பாறைக்குள் புதைந்த படிவங்களுக்கு 18ஆம் நூற்றாண்டில் பயன்படுத்தினார்கள். 1970களில் அமெரிக்கப் பாதுகாப்புத் துறை, ஆயுதங்களுக்குள் இருக்கும் கணினிகளை இப்பெயரால் அழைத்தது. அவற்றுக்கு ஒரு பொது நிரல்மொழி தேட 1975இல் குழு அமைத்தது. அதிலிருந்து ஏடா மொழி பிறந்தது.

இனி, உள்ளமைப்பு என்றால் என்ன என்று பார்க்கலாம். வெப்பத்தில் தொடங்குவதே முறை, ஏனென்றால் பல வடிவமைப்புகள் தோற்பது அங்கேதான். மேசைக் கணினி விசிறியை நம்புகிறது. 12 கிலோமீட்டர் உயரத்தில் காற்றின் அடர்த்தி தரைமட்டத்தில் இருப்பதில் ஏறத்தாழ கால் பங்கு. அங்கே விசிறி சுழலும், குளிர்விக்காது. ஆகவே கடத்திக் குளிர்விக்கும் முறை வந்தது. சில்லின் வெப்பம், வெப்பம் கடத்தும் ஒரு மெத்தை வழியாக அலுமினியச் சட்டத்துக்கும், சட்டத்தின் இரு விளிம்புகளிலுள்ள ஆப்புப் பூட்டு (திருகினால் விரிந்து அட்டையைச் சுவரோடு இறுக்குவது) வழியாகப் பெட்டியின் சுவருக்கும் போகும். 160க்கு 100 மில்லிமீட்டர் அளவுள்ள 3யு விபிஎக்ஸ் அட்டை (ராணுவக் கணினிகளில் வழங்கும் ஒரு தர அளவு) 60 வாட் எடுக்கிறது என்று வைப்போம். விளிம்புக்கு 30 வாட். பூட்டின் வெப்பத்தடை வாட்டுக்கு 0.3 டிகிரி என்றால், அந்த ஓர் இணைப்பில் மட்டும் 9 டிகிரி ஏறும். சுவர் 71 டிகிரி செல்சியஸில் இருந்தால் அட்டை விளிம்பு 80. சில்லின் வரம்பு 105 என்றால், சட்டத்துக்கும் மெத்தைக்கும் சேர்த்து மிஞ்சுவது 25 டிகிரி. ஆப்புப் பூட்டின் திருகைக் குறிப்பிட்ட முறுக்குவிசைக்கு இறுக்காமல் விட்டாலும், சுவரின் தொடுபரப்பில் பெயிண்ட் அடித்துவிட்டாலும் அந்த 25 கரைந்துபோகும். கணினி நிற்காது, செயலி தன் வேகத்தைக் குறைத்துக்கொள்ளும். ஆய்வகத்தில் ஓடிய மென்பொருள் களத்தில் மட்டும் நேரம் தவறுவதற்கு இது வழக்கமான காரணம்.

வெப்பம் ஏறி இறங்குவது இன்னொரு சேதம். மின்சுற்றுப் பலகை டிகிரிக்குச் சுமார் 14 முதல் 18 பிபிஎம் (பத்து லட்சத்தில் ஒரு பங்கு ஒரு பிபிஎம்) விரியும், பீங்கான் உறைச் சில்லு சுமார் 7 மட்டுமே. நடுவில் மாட்டிக்கொள்வது ஈயப்பற்று உருண்டைகள். பெரும்பாலும் மூலை உருண்டையே முதலில் விரிசல் விடும். அதனால் பெரிய சில்லுகளின் மூலைகளைப் பசையிட்டுப் பிணைப்பார்கள், அல்லது அடியில் பிசின் நிரப்புவார்கள். நினைவகத்தைச் செருகுதுளையில் வைக்காமல் பலகையிலேயே பற்றவைப்பார்கள். அதிர்வில் செருகு முனைகள் நுண்ணளவில் உராய்ந்து தொடர்பு கெடும். முழுத் தகரப் பூச்சுள்ள முனைகளில் மயிரிழை போல் தகரம் முளைத்துக் குறுக்குச்சுற்று ஏற்படுத்தும் என்பதால், மற்றத் துறைகள் கைவிட்ட ஈயத்தை இந்தத் துறை இன்னும் விடவில்லை; குறைந்தது 3 விழுக்காடு ஈயம் கேட்பது வழக்கம்.

மின்வழங்கலில் ஒரு வேடிக்கை உண்டு. விமானத்தின் 28 வோல்ட் மின்வழித்தடம் மாற்றப்படும்போது 50 மில்லிவினாடி வரை மின்சாரம் அறுந்துபோகலாம். 60 வாட் கணினிக்கு அந்த இடைவெளியில் 3 ஜூல் வேண்டும். 28இலிருந்து 18 வோல்ட்டுக்கு இறங்கவிட்டு மின்தேக்கியில் சேமித்தால் 13,000 மைக்ரோஃபாரட் தேவை. அழுத்தத்தை 50 வோல்ட்டுக்கு உயர்த்திச் சேமித்து, 20 வரை இறங்கவிட்டால் சுமார் 2,900 போதும். இப்போது இன்னொரு சிக்கல்: உயரமான மின்தேக்கிகள் அதிர்வில் காலொடியும், சாதாரண மின்பகுளி வகை கடுங்குளிரில் கொள்திறனை இழக்கும். ஆகவே கீழ்ப்பகுதியைப் பசையால் நிறுத்த வேண்டும், அல்லது விலை கூடிய டான்டலம் வகைக்குப் போக வேண்டும். ஒரு சோதனைக்காகச் சேர்த்த பொருள் அடுத்த சோதனையில் தோற்பது இந்தத் துறையில் சாதாரணம்.

ஈரத்துக்குப் பலகை முழுவதும் மெல்லிய பூச்சு. அக்ரிலிக் என்றால் 0.03 முதல் 0.13 மில்லிமீட்டர், கழற்றிப் பழுதுபார்க்க எளிது. பாரிலீன் இன்னும் மெல்லியது, மூலைமுடுக்கெல்லாம் ஒரே தடிமனில் படியும், ஆனால் சுரண்டி எடுப்பதற்குள் போதும் போதும் என்றாகிவிடும். இணைப்பி முனைகளை மூடிவிட்டுத்தான் எதையும் பூச வேண்டும்.

இனி தமிழுக்கு வருவோம். ‘கவசக் கணினி’ அழகாக இருக்கிறது, பொருந்தவில்லை. கவசம் வெளியே போடுவது. ‘வன்’ என்று தொடங்கினால் வன்பொருளோடு குழம்பும். ‘திண்மக் கணினி’ கிட்ட வருகிறது, ஆனால் திண்மம் இயற்பியலில் ஏற்கெனவே திடப்பொருளுக்குப் போய்விட்டது; திண்மநிலை வட்டு என்று படிக்கிறவர் தடுமாறுவார். அதே வேரின் மற்றொரு கிளை ‘திட்பம்’. வினைத்திட்பம், மனத்திட்பம் என்று பழகிய சொல், உள்ளிருந்து வரும் உறுதியைக் குறிப்பது. ரக்கடைஸ் செய்வதற்குத் ‘திட்பமூட்டல்’, செய்யப்பட்டதற்குத் ‘திட்பமூட்டிய’ என்று வைத்தால் வினையும் பெயரும் ஒரே சொல்லில் வந்துவிடும். எம்பெடட் என்பதற்குப் ‘பதி’ நல்ல வேர்தான், ஆனால் கணினியில் பதிவு, பதிவேடு, பதிவேற்றம் என்று அது பல வேலைகளில் மாட்டிக்கொண்டது. ‘உட்பொதி’ போதும், ‘உட்பொதிக்கப்பட்ட’ என்று இழுக்கத் தேவையில்லை. ஆக, திட்பமூட்டிய உட்பொதி கணினி.

விண்கலங்களில் வரும் ‘ரேடியேஷன் ஹார்டன்டு’ என்பதைத் திட்பமூட்டலில் சேர்க்கக் கூடாது. அது அயனியாக்கும் துகள்களைப் பற்றியது. ‘கதிர்வீச்சு தாங்கும்’ என்று தனியே சொல்வதே சரி. அதிர்வில் பாறைபோல் நிற்கும் அட்டையிலும், ஒரே ஒரு துகள் பட்டு நினைவகத்தில் ஒரு பிட் புரண்டுவிடலாம்.

ராணுவத் தரம் என்று விளம்பரங்களில் வரும் ‘மில் கிரேடு’ என்ற சொல்லுக்குத் தமிழ் தேடாமல் விட்டுவிடலாம், ஆங்கிலத்திலேயே அதற்கு உறுதியான பொருள் இல்லை. மில்-எஸ்டிடி-810 என்ற அமெரிக்க ராணுவத் தரநிலை, 1962இல் தொடங்கி, 2019இல் எச் பதிப்பு வரை வந்த சோதனை முறைகளின் தொகுப்பு. 514 அதிர்வு, 516 அதிர்ச்சி, 509 உப்புப் பனி, 500 தாழ் அழுத்தம் என்று எண்கள் உண்டு. எந்த அளவில் சோதிப்பது என்பதைப் பயன்பாட்டுக்கேற்ப முடிவு செய்ய வேண்டும். 516இல் 122 சென்டிமீட்டரிலிருந்து 26 முறை கீழே போடும் சோதனை ஒன்று உண்டு. அந்த 26ஐ ஐந்து கருவிகள் வரை பகிர்ந்துகொள்ளலாம். ‘810 தேறியது’ என்று எழுதியிருந்தால் முறை எண், செயல்முறை, அளவு, எத்தனை மாதிரிகள், சோதனையின்போது கருவி ஓடிக்கொண்டிருந்ததா என்ற ஐந்தையும் சோதனை அறிக்கையில் தேடிப் பாருங்கள்.