ஸ்டெம் கேட்டால் உடனே அனுப்பிவிடாதீர்கள்

பாட்டு வெளியாகி நாலு மாதம் கழித்துத்தான் அந்தத் தம்பி என் அலுவலகத்துக்கு வந்தார். அவரே மெட்டமைத்து, நண்பர் எழுதி, வீட்டு அறையில் பதிவு செய்த பாட்டு. ஒரு சிறிய லேபிள், அதாவது இசை வெளியீட்டு நிறுவனம், வழியாக வெளியிட்டிருந்தார். ஒப்பந்தம் எங்கே என்றதும் செல்பேசியை நீட்டினார். மூன்று பக்க பிடிஎஃப். கையெழுத்துப் போடும்போது முதல் பக்கத்தில் இருந்த பங்கு விழுக்காட்டை மட்டும் பார்த்திருக்கிறார். இப்போது அந்த லேபிள், பார்ப்பவரின் தேர்வுக்கேற்பக் கதை மாறும் ஒரு குறும்படத்துக்குப் பாட்டைக் கொடுக்கப்போகிறதாம். "ஸ்டெம்ஸ் எல்லாத்தையும் அனுப்பிடுங்க" என்று செய்தி வந்திருக்கிறது. பணத்தைப் பற்றிப் பேச்சே இல்லை.

இரண்டாம் பக்கத்தின் நடுவில் அந்த வரி இருந்தது: 'இப்போது உள்ளதும் இனி வரக்கூடியதுமான எல்லா ஊடகங்களிலும், எல்லா வடிவங்களிலும், உலகம் முழுவதும், நிரந்தரமாக.' சுயாதீனக் கலைஞர்கள் கொண்டுவரும் தாள்களில் இதை நான் திரும்பத் திரும்பப் பார்க்கிறேன்.

ஸ்டெம் என்பது பாட்டின் பகுதிகளைத் தனித்தனியாகப் பிரித்து வைத்த ஒலிக்கோப்புகள். குரல் ஒன்று, தாளம் ஒன்று, பேஸ் என்னும் அடித்தள ஒலி ஒன்று, இப்படி. சாதாரணப் படத்துக்கு முழுப்பாட்டு போதும். கதை கிளைபிரியும் படத்துக்குப் போதாது. திரையில் இரண்டு தேர்வுகள் வந்து நிற்கின்றன, பார்ப்பவருக்குப் பத்து விநாடி இருக்கிறது என்று வையுங்கள். 96 பிபிஎம், அதாவது நிமிடத்துக்கு 96 தட்டு வேகத்தில், நாலு தட்டு கொண்ட ஒரு 'பார்' (தாளச் சுற்று) இரண்டரை விநாடி. பத்து விநாடி என்றால் சரியாக நாலு பார். அதுவரை பேஸும் தாளமும் மட்டும் சுழல வேண்டும். அவர் எதை அழுத்தினாலும் அடுத்த பாரின் முதல் தட்டில் குரல் சேரவோ தாளம் விலகவோ வேண்டும். அதற்குத்தான் ஸ்டெம் கேட்கிறார்கள். அதைக் கொடுத்தபின் உங்கள் பாட்டின் வரிசையையும் அடுக்கையும் முடிவு செய்பவர் வேறொருவர்.

தம்பி ஒரு நல்ல கேள்வி கேட்டார்: "இது புது ஊடகம்தானே சார், சட்டம் காப்பாத்தாதா?" பதிப்புரிமைச் சட்டத்தில் 2012இல் வந்த திருத்தம் 18ஆம் பிரிவில் ஒரு பாதுகாப்பு வைத்திருக்கிறது. உரிமையை எழுதிக்கொடுத்த நாளில் இல்லாத, அல்லது வணிகப் பயன்பாட்டுக்கு வராத ஊடகத்துக்கு அந்த எழுத்து செல்லாது; அந்த ஊடகத்தைக் குறிப்பாகச் சொல்லியிருந்தால்தான் செல்லும். கேட்க ஆறுதலாக இருக்கும். ஆனால் பார்வையாளர் கதையை மாற்றும் படம் புதிதே இல்லை. 1967இல் மாண்ட்ரியல் உலகக் கண்காட்சியில் செக்கோஸ்லோவாக்கியா 'கினோஆட்டோமாட்' என்ற படத்தைத் திரையிட்டது. இருக்கையில் இருந்த பொத்தானை அழுத்தி மக்கள் கதையின் போக்கைத் தீர்மானித்தார்கள். 2018 டிசம்பரில் நெட்ஃபிளிக்ஸில் 'பாண்டர்ஸ்னாட்ச்' வந்தது. அதில் நாயகன் பேருந்தில் இரண்டு கேசட்டில் எதைக் கேட்பது என்பதையே பார்ப்பவர்தான் தேர்ந்தெடுப்பார். ஒருவர் ஒரே ஒரு பாட்டைத்தான் கேட்பார் என்றாலும், படமெடுப்பவர்கள் இரண்டுக்கும் உரிமம் வாங்கியாக வேண்டும். ஆக, இன்று கையெழுத்துப் போடுபவர் 'அன்றைக்கு இந்த ஊடகமே இல்லை' என்று பிற்பாடு வாதாட முடியாது. வேண்டாம் என்றால் வேண்டாம் என்று தாளிலேயே எழுதிவிட வேண்டும்.

நெட்ஃபிளிக்ஸ் 2024 கடைசியில் இந்த வகைப் படங்களில் பெரும்பாலானவற்றை எடுத்துவிட்டது, 2025இல் பாண்டர்ஸ்னாட்சும் போனது. அதனால் கதை முடிந்தது என்று நான் நினைக்கவில்லை. பெரிய தளம் கைவிட்டதை விளையாட்டு உருவாக்குபவர்களும் சின்னக் குறும்படக் குழுக்களும் தொடர்வார்கள் என்பது என் கணிப்பு. அவர்களுக்குக் கட்டுப்படியாகும் விலையில் கிடைப்பது சுயாதீன இசைதான். நமக்கும் அந்த வரவு தேவை. ஸ்பாட்டிஃபையில் 2024 முதல், கடந்த 12 மாதத்தில் 1000 ஸ்ட்ரீம் தொடாத பாட்டுக்கு ஒலிப்பதிவு ராயல்டியே கிடையாது. அப்புறம் எதற்கு ஸ்டெம்மைச் சும்மா கொடுப்பது?

சரி, தம்பி விஷயத்துக்கு வருகிறேன். எங்களுக்கு இரண்டு பிடி கிடைத்தன. ஒன்று, மெட்டமைத்தவரும் பாடலாசிரியரும் பதிப்புரிமையை எழுதிக்கொடுத்தாலும், அதை வாங்கியவரோடு ராயல்டியைச் சமமாகப் பகிரும் உரிமையை அவருக்கே விட்டுக்கொடுக்க முடியாது. விட்டுக்கொடுத்ததாக எழுதியிருந்தாலும் அது செல்லாது. படத்தில் இடம்பெறும் பாட்டுக்கு, அதைப் படத்தோடு திரையரங்கில் காட்டுவது மட்டும் விலக்கு. இரண்டாவதுதான் பெரியது. பாட்டை எழுதிய நண்பர் எந்தத் தாளிலும் கையெழுத்தே போடவில்லை. எழுத்தில், கையெழுத்தோடு இல்லாத உரிமை மாற்றம் 19ஆம் பிரிவின்படி செல்லாது. வாட்ஸ்அப்பில் 'ஓகே ப்ரோ' என்று அவர் போட்டதை லேபிள்காரர்கள் காட்டினார்கள். அதை நான் உரிமை மாற்றமாக ஏற்கவில்லை. அதே பிரிவு இன்னொன்றும் சொல்கிறது: காலம் குறிப்பிடாவிட்டால் ஐந்து ஆண்டு, எல்லை குறிப்பிடாவிட்டால் இந்தியா மட்டும். தம்பியின் தாளில் 'நிரந்தரமாக', 'உலகம் முழுவதும்' என்று இருந்ததால் அவருக்கு இது உதவவில்லை. உங்கள் தாளில் உதவலாம், எடுத்துப் பாருங்கள்.

லேபிள்காரர்கள் கெட்டவர்கள் இல்லை. எங்கிருந்தோ எடுத்த மாதிரித் தாளை அப்படியே அனுப்பியிருந்தார்கள். இரண்டு முறை உட்கார்ந்து பேசியதில் முடிந்தது. திருத்திய தாளில் நாங்கள் சேர்த்த வரி இதுதான்: 'ஸ்டெம்கள் இந்த ஒரு குறும்படத்துக்கு மட்டும், மூன்று ஆண்டுகளுக்கு, தனிக் கட்டணத்தின் பேரில்; வரிசையோ அடுக்கோ மாறும் ஒவ்வொரு வடிவமும் வெளியாகும் முன் மெட்டமைத்தவருக்கும் பாடலாசிரியருக்கும் போட்டுக் காட்டப்படும்.' கீழே இந்த முறை இரண்டு பேரும் கையெழுத்துப் போட்டார்கள்.